அர்ச். அருளானந்தரும் அசனச் சோறும்



பிப்ரவரி மாதம் 4-ம் தேதி வேதசாட்சியான அர்ச். அருளானந்த சுவாமியின் திருநாள். அன்று பூசை முடிந்து வீடு திரும்பியதும் நம்மில் அநேகருடைய அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கும். வேறு சிலர் நேர்ச்சைக் கிடாயும் அரிசி மூட்டையும் அண்டா குண்டாவுமாக ஓரியூருக்கு வண்டி ஏறுவார்கள். பிள்ளை பிறந்ததற்கும், நோய் தீர்ந்ததற்கும், வயல் விளைந்ததற்கும் நன்றியாக அங்கே சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறுவார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு அசனம் என்று பெயர். அசனம் என்றால் உணவு என்றுதான் பொருள்.

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் யோசித்ததுண்டா? யாருடைய பெயரால் நாம் கிடாய் வெட்டுகிறோமோ, அவர் நம் நாட்டில் வாழ்ந்த காலமெல்லாம் இறைச்சியைத் தொடாதவர். மீனும் முட்டையும்கூட அவருடைய இலைக்கு வந்ததில்லை. அதுமட்டுமல்ல, அவர் தலை வெட்டப்பட்ட நாள் விபூதிப் புதன். திருச்சபை முழுவதும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரிக்கிற நாள் அது. ஒருசந்திக்காரருடைய திருநாளுக்குக் கறிச்சோறா என்று பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்லுவீர்கள்? அவருடைய சரித்திரத்தை வாசித்துப் பாருங்கள்; பதில் அதிலேயே இருக்கிறது.

அரண்மனையில் வளர்ந்த பிள்ளை

போர்த்துக்கல் தேசத்தின் தலைநகரான லிஸ்பன் பட்டணத்தில் 1647-ம் வருஷம் மார்ச் மாதம் 1-ம் தேதி அவர் பிறந்தார். ஜான் தெ பிரிட்டோ என்பது அவருடைய பெயர். ஜான் என்பதைத்தான் நம் முன்னோர் அருளப்பர் என்று சொல்லிவந்தார்கள். அதனால் அவர் நமக்கு அருளானந்தர் ஆனார். தகப்பனார் சல்வதோர் பெரிய பிரபு. அரசர் அவரை பிரேசில் நாட்டுக்குத் தேசாதிபதியாக அனுப்பினார். அவர் அங்கேயே இறந்துபோனார். சிறுபிள்ளையாயிருந்த ஜானைத் தாயார் வளர்த்தார்கள். பிறகு பிள்ளை அரண்மனைக்குப் போய் இளவரசர் பேதுருவின் தோழனாக இருந்தான்.

அரண்மனைப் பந்தி எப்படியிருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். கடல் கடந்த நாடுகளின் செல்வமெல்லாம் லிஸ்பன் துறைமுகத்தில் வந்து இறங்கிய காலம் அது. கோதுமை ரொட்டி, இறைச்சி, மீன், திராட்சரசம், பிரேசில் நாட்டுச் சர்க்கரை எதற்கும் அங்கே குறைவில்லை. அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைதான் பிற்காலத்தில் நம் ஊர்ச் சோற்றையும் கீரையையும் தேடி வந்தது.

பிள்ளைக்கு ஒரு சமயம் பிழைப்பதே அரிது என்னும்படி வியாதி கண்டது. தாயார் அர்ச். சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார்கள். பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபையின் அங்கியை உடுத்திவிடுவதாக அவர்களுடைய நேர்ச்சை. பிள்ளை பிழைத்தது. அரண்மனைப் பையன்கள் பட்டு உடுத்தித் திரிந்தபோது ஜான் மட்டும் கறுப்பு அங்கியோடு நடமாடினான். நம் பெண்கள் ஓரியூரில் நேர்ந்துகொண்டு பிள்ளைக்கு முடியிறக்குகிறார்களே, அதைப் போன்ற நேர்ச்சைதான் அதுவும். வருஷம் முடிந்ததும் அங்கியைக் கழற்றினார்கள். ஆனால் சவேரியாரின் நாட்டுக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் பிள்ளையின் மனசை விட்டுக் கழலவில்லை.

1662-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17-ம் தேதி, பதினைந்தாம் வயதில், சேசு சபையில் சேர்ந்தார். எவோரா, கொயிம்ப்ரா நகரங்களில் படித்தார். 1673-ம் வருஷம் குருப்பட்டம் பெற்றார். மதுரை மிஷனுக்குப் போகப்போகிறார் என்று கேட்ட தாயார் தடுத்துப் பார்த்தார்கள். கணவனைக் கடலுக்கு அப்பால் பறிகொடுத்த தாய் மகனையும் எப்படி அனுப்புவாள்? ஆயினும் மகன் மனசு மாறவில்லை. அந்த வருஷம் மார்ச் மாதத்தில் கப்பல் ஏறினார். மதுரை மிஷனிலிருந்து ஆள் திரட்டப் போயிருந்த பல்தசார் தெ கோஸ்தா சுவாமியும் அதே கப்பலில் வந்தார். வழியில் கப்பலில் நோய் பரவி, கோஸ்தா சுவாமி கடலிலேயே உயிர் விட்டார். இளைய குருவானவர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டே செப்டம்பர் மாதத்தில் கோவா வந்து சேர்ந்தார்.

மதுரை மிஷனின் சோறு

அந்தக் காலத்து மதுரை மிஷனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். 1606-ம் வருஷம் மதுரைக்கு வந்த தத்துவபோதக சுவாமி என்னும் ராபர்ட் தெ நொபிலி, ஒரு காரியத்தைக் கண்டுகொண்டார். பறங்கி என்றாலே மாடு தின்று மது குடிப்பவன் என்று மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் மறுத்தது சுவிசேஷத்தை அல்ல. அதைக் கொண்டுவந்தவனுடைய சட்டியையும் கோப்பையையும் பார்த்துத்தான் விலகினார்கள். ஆகவே அவர் காவி உடுத்தினார். இறைச்சியும் மீனும் மதுவும் விட்டார். நாளுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் உண்டார்.

இறைச்சி உண்ணாத துறவியை மதிப்பது இந்த மண்ணில் அதற்கும் மிகப் பழமையான வழக்கம். நம் ஒத்தக்கடையில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் தெரிகிற யானைமலையைப் பாருங்கள். அதிலே சமண முனிவர்கள் தங்கிய குகையும் படுக்கைகளும் இன்றும் இருக்கின்றன. பாறையில் செதுக்கிய உருவங்கள் சுமார் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தினவை. பசியை அடக்கியவனே பேச உரிமையுள்ளவன் என்பது இந்தப் பக்கத்து மக்களின் எண்ணம். நொபிலி சுவாமி அந்த எண்ணத்துக்குத் தலைவணங்கினார்.

ஆனால் பிராமண சந்நியாசியின் கோலத்தில் ஒரு தொல்லை இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுடன் அவர் வெளிப்படையாகப் பழக முடியாது. பழகினால் மேல்சாதியார் கதவை அடைத்துவிடுவார்கள். அதனால் சுமார் 1640-ம் வருஷம் முதல் பண்டாரசுவாமிகள் என்ற இன்னொரு பிரிவு ஏற்பட்டது. பண்டாரம் எல்லாத் தெருவுக்கும் போகலாம், எல்லாரோடும் பேசலாம். இந்த வழியை முதலில் தொடங்கியவர், கப்பலில் இறந்தாரே, அந்தக் கோஸ்தா சுவாமிதான். அவர் கழற்றிப்போட்ட காவியைத்தான் அருளானந்தர் எடுத்து உடுத்தினார்.

1674-ம் வருஷம் கோவாவிலிருந்து மலையாள தேசம் வந்து, அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகக் கடந்து, ஜூலை மாதக் கடைசியில் செஞ்சிச் சீமையிலுள்ள கொலை என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். தலையில் முண்டாசு, உடலில் காவி, கையில் தடி, காலில் பாதக்குறடு. சாப்பாடு என்ன? சோறு, பருப்பு, கீரை, காய், கிடைத்தால் பாலும் மோரும். அதையும் தரையில் உட்கார்ந்து வாழை இலையிலோ தையல் இலையிலோ வாங்கிக் கையால் உண்டார். செஞ்சி, தஞ்சாவூர், மதுரை ராஜ்யங்களில் பதினோரு வருஷத்துக்கு மேல் நடந்து திரிந்து ஞானஸ்நானமும் பாவசங்கீர்த்தனமும் பூசையும் கொடுத்தார். போரும் வெள்ளமும் பஞ்சமும் மாறிமாறி வந்த வருஷங்கள் அவை. 1685-ம் வருஷம் மதுரை மிஷனுக்கே அதிபரானார்.

இங்கே உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் கோயிலுக்குள்ளும் சாதிச் சுவர் இருந்தது. மிஷனிலிருந்த சுவாமிமார் அதை ஒரே நாளில் இடித்துவிடவில்லை. பல இடங்களில் அதற்கு இடம் கொடுத்தும் போனார்கள். ஆயினும் எல்லாத் தெருவுக்கும் போகக்கூடிய காவியைத் தேடி உடுத்தினவர் அருளானந்தர். அவர் கறியை விட்டது, கறி பாவம் என்பதற்காக அல்ல. வாய்க்குள் போவது மனிதனைக் கெடுக்காது என்று ஆண்டவரே போதித்திருக்கிறார். அர்ச். சின்னப்பரோ, தாம் தின்னும் மாம்சம் சகோதரனுக்கு இடறலாகுமானால் அதை ஒருபோதும் தொடுவதில்லை என்ற தீர்மானத்தைக் கொரிந்தியருக்கு எழுதினார். அருளானந்தர் அந்தத் தீர்மானத்தைத் தம் இலையிலே நிறைவேற்றினார். மக்களை நெருங்குவதற்குத் தடையாக இருந்த உணவை ஒதுக்கிவிட்டார். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

மறவ நாட்டில் முதல் பாடு

1686-ம் வருஷம் அவர் மறவ நாட்டுக்குள் பிரவேசித்தார். அப்போது அங்கே அரசாண்டவர் கிழவன் சேதுபதி என்று பேர்பெற்ற ரகுநாதத் தேவர். வேதம் போதிப்பதற்கு அங்கே தடை இருந்தது. சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஜூலை மாதத்தில் சேதுபதியின் தளவாய் குமாரப்பிள்ளை அவரையும் உபதேசிமார் சிலரையும் மங்கலம் என்ற ஊரில் பிடித்தான். விலங்கிட்டான், சாட்டையால் அடித்தான், தண்ணீரில் முக்கினான், வெயிலில் காய்ந்த கரடுமுரடான பாறையில் கிடத்தி மேலே ஏறி மிதிக்கச் செய்தான். உபதேசிமாரும் அத்தனை பாட்டையும் அவரோடு பட்டார்கள். ஆனால் ஒருவரும் வேதத்தை மறுதலிக்கவில்லை.

கடைசியில் இராமநாதபுரத்தில் சேதுபதியே அவரை வரவழைத்து, போதனை என்னவென்று கேட்டார். கேட்டபின் அதில் குற்றம் காணாமல் விடுதலை செய்தார். ஆனால் இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று கட்டளையிட்டார்.

ராஜாவின் பந்திக்கு முன்னால்

அதன்பின் மிஷன் காரியமாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687-ம் வருஷக் கடைசியில் புறப்பட்டு 1688-ம் வருஷம் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். பால்யத் தோழர் பேதுரு இப்போது அரசர். அரண்மனைக் கதவு திறந்திருந்தது. பழைய பந்தியும் விரித்திருந்தது. தாயாரும் உயிரோடு இருந்தார்கள். பதினைந்து வருஷம் கழித்து மகனைக் கண்ட தாய் என்னென்ன சமைத்துப் போட ஆசைப்பட்டிருப்பாள் என்று தாய்மாரே, நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இந்தியாவில் பழகிய வாழ்க்கையை அவர் அங்கேயும் கூடிய மட்டும் விடவில்லை. கறியும் மீனும் அவருக்கு வேண்டாம், மெத்தையும் வேண்டாம். தமிழ் நாட்டுக் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேசுவதும் அவர்களுக்காக ஆளும் உதவியும் தேடுவதுமே அவர் வேலையாயிருந்தது. அரசர் அவரைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். நடக்கவில்லை. அவர் மறுபடியும் கப்பல் ஏறி 1690-ம் வருஷம் கோவாவுக்கு வந்தார்.

மனிதன் வெளியூரில் கிடைத்ததை உண்பது பெரிய காரியமல்ல. வேறு வழியில்லை என்று உண்ணலாம். சொந்த வீட்டுக்குத் திரும்பி, விரும்பியதெல்லாம் எதிரே இருக்கும்போதும் தள்ளி வைக்கிறவன்தான் உண்மையாகவே இன்னொரு குடும்பத்தைத் தன் குடும்பமாக்கிக்கொண்டவன். அருளானந்தர் அங்கே விருந்தாளியைப் போல இருந்துவிட்டுத் திரும்பினார். அவருடைய வீடு இங்கேதான் இருந்தது.

மூன்று ராஜாக்கள் திருநாள் முதல் விபூதிப் புதன் வரை

திரும்பி வந்தவர் மறுபடியும் மறவ நாட்டுக்கே போனார். அங்கே தடியத் தேவர் என்ற பிரபு தீராத வியாதியில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் போய்ச் சுவிசேஷம் வாசித்து ஜெபிக்க, வியாதி நீங்கிற்று. தடியத் தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவிகள் இருந்தார்கள். ஒருத்தியோடு மட்டும் வாழ்வதானால் ஞானஸ்நானம் உண்டு என்று அருளானந்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தேவர் சம்மதித்தார். மற்றவர்களுக்கு வாழ வழிசெய்து, மூத்த மனைவியை மட்டும் வைத்துக்கொண்டார். 1693-ம் வருஷம் ஜனவரி மாதம் 6-ம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, அநேகம் பேரோடு அவரும் ஞானஸ்நானம் பெற்றார்.

நீக்கப்பட்ட மனைவிகளில் இளையவள் கடலாயி. அவள் சேதுபதியின் உறவுப் பெண். அழுதுகொண்டு போய் அரசரிடம் முறையிட்டாள். தடியத் தேவரோ சேதுபதிப் பட்டத்துக்கு உரிமை பேசக்கூடிய வம்சத்தார். ஆகவே வீட்டு வழக்கு ராஜ்ய வழக்காக மாறிற்று. ஜனவரி 8-ம் தேதி அருளானந்தரைப் பிடித்து இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். தலைநகரில் வைத்துக் கொன்றால் கலகம் வரும் என்று அஞ்சிய சேதுபதி, நாடு கடத்துவதாக வெளியே சொல்லிவிட்டு, தம் தம்பி உடையத் தேவர் இருந்த ஓரியூருக்கு அவரை அனுப்பினார். கொன்றுவிடும்படி இரகசியக் கட்டளையும் அனுப்பினார்.

சிறையில் எழுதுவதற்கு மையுமில்லை, இறகுமில்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, துரும்பைத் தோய்த்து, உடன் குருக்களுக்குக் கடைசிக் கடிதங்களை எழுதினார். மறுநாள் பிப்ரவரி 4-ம் தேதி, புதன்கிழமை. பாம்பாற்றங்கரையிலிருந்த ஒரு மேட்டுக்கு அவரைக் கொண்டுபோனார்கள். அவர் முழந்தாளிட்டு ஜெபம் செய்தார். எழுந்து, வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்டார். தலை விழுந்தது. கைகால்களையும் துண்டித்து, உடலைக் கழுமரத்தில் கட்டினார்கள். அந்த இடத்து மணல் இன்றும் சிவந்திருக்கிறது. அதை விசுவாசத்தோடு எடுத்து வருகிறவர்கள் உங்களில் பலர் உண்டு.

அந்த வருஷம் பாஸ்குத் திருநாள் மார்ச் 22-ம் தேதி வந்தது. அதைவிட முந்தி அது வரவே முடியாது. ஆகையால் விபூதிப் புதனும் பிப்ரவரி 4-க்கு முந்தி வராது. இப்படி இரண்டும் ஒன்றாகச் சேர்வது மிக அபூர்வம். கடைசியாக 1818-ம் வருஷம் சேர்ந்தது; இனி 2285-ம் வருஷத்தில்தான் சேரும். மற்ற எல்லா வருஷங்களிலும் அவர் திருநாள் தபசுகாலத்துக்கு முன்னதாகவே விழுகிறது. இப்படியாக, ஒருசந்தி நாளில் உயிர் விட்டவர் நமக்கு விருந்துக்குரிய நாளை விட்டுச் சென்றிருக்கிறார்.

செய்தி லிஸ்பனுக்கு எட்டியபோது அரண்மனையில் என்ன நடந்தது தெரியுமா? மகனை இழந்த தாயாரை அரசர் வரவழைத்தார். அவர்கள் துக்க உடையில் வரவில்லை. திருநாள் உடை உடுத்தி வந்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்னே மகனைக் கப்பலேற விடாமல் தடுத்த அதே தாய். அருளானந்தருக்கு முதன்முதல் திருநாள் கொண்டாடியவர் அவருடைய அம்மாதான்.

பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் 1853-ம் வருஷம் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், பன்னிரண்டாம் பத்திநாதர் 1947-ம் வருஷம் ஜூன் மாதம் 22-ம் தேதி அர்ச்சியசிஷ்ட பட்டமும் அளித்தார்கள். நம் தேசம் விடுதலை அடைவதற்கு இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலமே அப்போது இருந்தது. கருமாத்தூரில் 1970-ம் வருஷம் தொடங்கிய அருளானந்தர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓரியூர் இப்போது சிவகங்கை மேற்றிராசனத்தைச் சேர்ந்தது. அந்த மேற்றிராசனம் 1987-ம் வருஷம் நம் மதுரை அதிமேற்றிராசனத்திலிருந்து பிரிந்தது.

ஓரியூர் அசனம்

ஒத்தக்கடையிலிருந்து மதுரை–தொண்டி சாலையைப் பிடித்து, சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகப் போனால் ஓரியூர். நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அங்கே கிறிஸ்தவர்கள் மட்டும் வருவதில்லை. பக்கத்துச் சீமைகளிலிருந்து இந்துக்களும் திரளாக வருகிறார்கள். எந்த மறவ நாட்டில் அவரை வெட்டினார்களோ, அந்த நாட்டு மக்களே முடியிறக்கவும் காது குத்தவும் அவரிடம் வருகிறார்கள்.

நேர்ச்சைக் கிடாயைக் கோயில் முன் நிறுத்தி ஜெபித்து, அப்பால் கொண்டுபோய் அறுத்து, கல் கூட்டி அடுப்பு மூட்டுகிறார்கள். ஆண்கள் கறி வெட்டுவார்கள். பெண்கள் வெங்காயம் உரிப்பார்கள். பிள்ளைகள் சுள்ளி பொறுக்குவார்கள். சோறு வெந்ததும் முதலில் ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும், பிறகு உற்றார் உறவினருக்கும் பரிமாறுவது முறை. நேர்ந்துகொண்ட குடும்பம் கடைசியில் உண்ணும்.

இப்போது முதலில் வந்த கேள்விக்குத் திரும்புவோம். அவர் கறியை விட்டார், நாம் கறி சமைக்கிறோம், இது முரணா? அவர் விட்டதற்கும் நாம் சமைப்பதற்கும் காரணம் ஒன்றானால் முரணில்லை. மக்களைக் கூட்டிச் சேர்ப்பதற்காக அவர் விட்டார். மக்களைக் கூட்டிச் சேர்ப்பதற்காக நாம் சமைத்தால் அது அவருடைய திருநாள். மாறாக, நம் அசனத்தில் இன்னாருக்கு முதல் பந்தி, இன்னாருக்குக் கடைசிப் பந்தி என்று சாதி பார்த்து இலை போட்டால்? ஒரு தெருவாரை உள்ளே உட்காரவைத்து, இன்னொரு தெருவாருக்குப் பாத்திரத்தில் ஊற்றி அனுப்பினால்? அப்போது நாம் எவ்வளவு பெரிய கிடாயை வெட்டினாலும் அது வெறும் கறிச்சாப்பாடு. அரண்மனைப் பந்தியை விட்டு நம்மோடு தரையில் உட்கார்ந்தவருடைய பெயரை அதற்கு வைக்கலாகாது.

நம் வீட்டு அடுப்பில்

ஓரியூர் போக முடியாதவர்கள் வீட்டிலேயே இந்தத் திருநாளைக் கொண்டாடலாம். இரண்டு நாள் சமையல் இது.

3-ம் தேதி, திருநாளுக்கு முந்தின நாள், விருப்பமுள்ள பெரியவர்கள் ஒருசந்தி பிடிக்கலாம். இது கட்டளை அல்ல, குடும்ப பக்தி. அன்றைக்கு அருளானந்தருடைய சாப்பாட்டையே சமையுங்கள்: சோறு, பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை, மோர். பெரியாறு வாய்க்கால் பாயும் நம் பக்கத்து வயல்களில் தை மாதம் அறுவடைக் காலம். புது அரிசி கிடைத்தால் அதிலேயே சமையுங்கள். சாப்பிடும்போது அவருடைய சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

4-ம் தேதி கறிக்குழம்பு. சுமார் பத்துப் பேருக்கு எலும்போடு சேர்ந்த ஆட்டுக்கறி 1 கிலோ போதும். மிளகாய் வற்றல் 15, மல்லி 50 கிராம், சீரகமும் மிளகும் இரண்டிரண்டு தேக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, பட்டை கிராம்பு கொஞ்சம். இவற்றை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, அம்மியில் மைய அரைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியானால் தண்ணீர் குறைவாக விடுங்கள். கறியைக் கழுவி மஞ்சளும் உப்பும் பிசறி வையுங்கள். கடலை எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை தாளித்து, கால் கிலோ சின்ன வெங்காயத்தை வதக்கி, இஞ்சி பூண்டு விழுதும் மூன்று தக்காளியும் சேர்த்து, தக்காளி கரைந்தபின் கறியைப் போட்டுப் புரட்டுங்கள். கறியின் தண்ணீர் சுண்டியதும் அரைத்த மசாலாவும் வெந்நீரும் ஊற்றி, மூடி, நிதானமான தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். கடைசியில் அரை மூடித் தேங்காயை அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். எதிர்பாராமல் இரண்டு பேர் வந்துவிட்டால் முருங்கைக்காயோ கத்தரிக்காயோ நறுக்கிப் போட்டுக் குழம்பை நீட்டிக்கொள்ளுங்கள். அசனத்துக் குழம்பு எப்போதும் கொஞ்சம் நீர்க்கத்தான் இருக்கும். அது குறையல்ல, இன்னொருவருக்கு இடம் வைத்திருக்கிறோம் என்பதன் அடையாளம்.

அந்த மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தார்கள். மிளகாயும் தக்காளியும் மெக்சிகோ முதலான அமெரிக்க நாடுகளில் பிறந்தவை. மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவை போர்த்துக்கல் கப்பல்களே. அருளானந்தரும் அதே நாட்டுக் கப்பலில்தான் வந்தார். மிளகாயை நாம் எவ்வளவு சீக்கிரம் நம்முடையதாக்கிக்கொண்டோம்! அது பரதேசி என்று இன்று யாருக்காவது தோன்றுகிறதா?

அந்த மெக்சிகோ நாட்டுக் கத்தோலிக்கருக்கும் இதே நாட்களில் ஒரு சமையல் உண்டு. மூன்று ராஜாக்கள் திருநாளில் அவர்கள் ஒரு பெரிய ரொட்டி செய்து, அதற்குள் சின்னஞ்சிறு குழந்தை சேசு சுரூபத்தை மறைத்து வைப்பார்கள். யாருடைய துண்டில் அது கிடைக்கிறதோ அவர், பிப்ரவரி 2-ம் தேதி, மெழுகுதிரி மந்திரிக்கிற திருநாளன்று, மற்ற எல்லாருக்கும் தமாலே செய்து போடவேண்டும். தமாலே என்பது நம் இலைக் கொழுக்கட்டையைப் போன்றது. மக்காச்சோள மாவைப் பிசைந்து, நடுவில் கறியும் மிளகாய்ச் சாறும் வைத்து, சோளத் தோகையில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. ஒருவராகச் செய்து முடிகிற வேலையல்ல. வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து சுற்றவேண்டும். அங்கேயும் பாருங்கள், குழந்தை சேசுவைக் கண்டெடுத்தவருக்குக் கிடைப்பது பரிசல்ல, ஊருக்குச் சோறு போடும் கடமை.

பிரியமானவர்களே, இந்த வருஷத் திருநாளில் ஒன்று செய்யுங்கள். உலை வைக்கும்போது, இதுவரை உங்கள் வீட்டில் ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிடாத ஒரு குடும்பத்துக்கும் சேர்த்து அரிசி போடுங்கள். அடுத்த தெருவாராயிருக்கலாம், வேற்று மதத்தாராயிருக்கலாம், பிழைக்க வந்த வடநாட்டுக் கூலிக்காரராயிருக்கலாம். அவர்களுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள், அழைத்து, உங்களோடு உட்காரவையுங்கள். அவர்கள் கறி உண்ணாதவர்களானால் புதுப் பாத்திரத்தில் பருப்பும் கீரையும் சமைத்து, நீங்களும் அன்று அதையே அவர்களோடு உண்ணுங்கள். அருளானந்தர் செய்தது அதுவே.

வேதசாட்சியான அர்ச். அருளானந்தரே, எங்களோடு உண்ணுவதற்காக அரண்மனைப் பந்தியை விட்டுவந்தீரே! எங்கள் அசனத்தில் எவரும் விடுபடாதபடி எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.